பாலிய விவாகமும் பள்ளிக்கூடமும்

தீய வழக்கம் ஒன்றை ஒழிப்பதற்குச் சட்டம் இன்றியமையாதது. ஆயினும் சட்டம் மட்டுமே போதுமா என்னும் வினாவுக்குப் பாலிய விவாகத்தின் வரலாறு தெளிவான விடை தருகின்றது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் சென்னைச் சட்டசபையில் திருமண வயதை உயர்த்த வேண்டுமென்று 1928-ஆம் ஆண்டில் வாதாடினார். மறு ஆண்டு செப்டம்பரில், அஜ்மீரைச் சேர்ந்த ஹர்பிலாஸ் சாரதா கொண்டுவந்த மசோதா நாடு முழுமைக்கும் சட்டமாயிற்று. பெண்ணுக்கு 14 வயது, ஆணுக்கு 18 வயது என அது வரையறுத்தது. ஆனால் 1930 ஏப்ரல் முதல் நாளன்றுதான் அது நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட ஆறு மாதங்களில் பற்பல ஊர்களில் பெற்றோர் விரைந்து விரைந்து தம் சிறு குழந்தைகளுக்கு மணம் முடித்தனர். சட்டத்துக்கு அஞ்சியவர்கள் வழக்கத்தைக் கைவிட எண்ணவில்லை. சட்டத்தை முந்திக்கொள்ளவே எண்ணினர்.

பெண்ணின் திருமண வயது 1949-இல் 15 ஆகவும், 1978-இல் 18 ஆகவும் உயர்ந்தது. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குழந்தை மணத்தை நடத்திவைப்போருக்கும் தூண்டுவோருக்கும் இரண்டாண்டு வரை கடுங்காவலும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். நடக்கவிருக்கும் மணத்தை நீதிபதி தடையாணையால் நிறுத்தலாம். தடையை மீறி நடந்த மணம் செல்லாது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 20 முதல் 24 வயதுவரை உள்ள பெண்களுள் 18 வயதுக்கு முன் மணமானோர் 2005-06-இல் நூற்றுக்கு 47 பேர். 2019-21-இல் 23 பேர். இக்குறைவு மகிழ்ச்சிக்குரியது. எனினும் நான்கில் ஒரு பங்கென்பது சிறு தொகையன்று.

பெற்றோர் அன்பில்லாதவர்களா? அல்லர். வயது ஏற ஏற வரதட்சிணையும் ஏறுமே என்ற கவலை, அக்காளின் மணப்பந்தலிலேயே தங்கைக்கும் முடித்துவிட்டால் செலவு குறையுமென்ற கணக்கு, பருவமடைந்த பெண்ணைத் தொலைவிலுள்ள பள்ளிக்கு அனுப்பும் அச்சம் ஆகியவையே அவர்களை உந்துகின்றன. ஆகவே 14 வயதுக்கும் 18 வயதுக்கும் இடைப்பட்ட நான்கு ஆண்டுகளே ஆபத்தான காலம். அந்நான்கு ஆண்டுகளும் பெண் பள்ளியில் இருந்தால் மணப்பேச்சு தானே தள்ளிப்போகும்.

பீகார் அரசு 2006-இல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவியருக்கு சைக்கிள் வழங்கத் தொடங்கியது. அதன் பயனாக உயர்நிலை வகுப்பில் சேரும் பெண்களின் தொகை ஏறத்தாழ 30 விழுக்காடு கூடியதென்றும், பள்ளி தொலைவாயிருந்த ஊர்களிலேயே பயன் மிகுதியென்றும் ஆய்வாளர் கண்டனர். இருப்பினும், 2019-21 ஆய்வில் பீகாரில் இளவயது மணம் நூற்றுக்கு 40-க்கு மேலேயே இருந்தது. பள்ளிக்கு வழி திறந்தால் மட்டும் போதாது. ஊராரின் மனமும் திறக்க வேண்டும்.

ராஜஸ்தானில் ராஜ்சமந்து மாவட்டத்துப் பிப்லாந்திரி கிராமம் இதற்கு வழி காட்டுகின்றது. அங்கே பெண் குழந்தை பிறந்தால் 111 மரக்கன்றுகள் நடுகின்றனர். ஊரார் பணம் திரட்டி, பெற்றோரின் பங்கையும் சேர்த்து, அவள் பெயரில் வைப்புநிதி இடுகின்றனர். சட்டம் கூறும் வயதுக்கு முன் மணம் செய்வதில்லை என்றும், பள்ளிக்கு அனுப்புவோம் என்றும் பெற்றோர் எழுதிக் கையொப்பமிடுகின்றனர். ஊரறியக் கொடுத்த வாக்கை மீறுவது எளிதன்று.

பிற மாநிலங்களில் வாழும் தமிழராகிய நமக்கும் இதில் பங்குண்டு. தமிழில் தொடக்கக் கல்வி பயின்ற சிறுமி உயர் வகுப்பில் இந்தியிலோ மராத்தியிலோ பயில நேரும்போது தடுமாறுகின்றாள். தேர்வில் தவறிவிட்டால் வீட்டில் நின்றுவிடுகின்றாள். கோயில் கொடைக்கு ஊர் செல்லும்போது, "முறை மாப்பிள்ளை இருக்கிறானே, பேசி முடித்துவிடலாமே" என்று உறவினர் சொல் எழுகின்றது. மணம் எந்த மாநிலத்தில் நடந்தாலும் குற்றம் குற்றமே.

ஆதலின் நம் தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்துவதோடு நின்றுவிடலாகாது. ஏழாம், எட்டாம் வகுப்புச் சிறுமியருக்கு அம்மாநில மொழியை மாலையில் கற்பிக்கலாம். படிப்பு நின்ற பெண்ணின் வீட்டுக்கு மூத்த தாய்மார் இருவர் சென்று பெற்றோரிடம் இதமாகப் பேசலாம். பள்ளிக்குத் தனியே செல்ல அஞ்சும் பெண்களைக் கூட்டாக அனுப்ப ஏற்பாடு செய்யலாம். திருமண அழைப்பிதழைப் பெறும்போதே மணமகளின் வயதைக் கேட்பதை வழக்கமாக்கிக் கொள்ளலாம். சொல்லியும் கேளாதவிடத்து 1098 என்னும் தொலைபேசி எண்ணுக்கு எவரும் கட்டணமின்றித் தெரிவிக்கலாம்.

பக்கத்து வீட்டுப் பெண் பத்தாம் வகுப்புக்குச் செல்கின்றாளா, இல்லையா என்று விசாரிப்பது பிறர் காரியத்தில் தலையிடுவதாகாது. சட்டப் புத்தகத்தில் உள்ள பாதுகாப்பு அவள் வீட்டு வாசலை எட்டுவது அந்த விசாரிப்பினால்தான்.