எங்க வீட்டு செவலைக்குக் கருத்தடை ஆபரேஷன்



எங்கள் நாய் செவலை ஒரே வருஷத்தில் இரண்டு தடவை குட்டி போட்டது. முதலில் ஐந்து, பிறகு ஆறு. மூன்றைத்தான் ஆட்கள் வாங்கிப் போனார்கள். நான்கு ரோட்டில் அடிபட்டுச் செத்தன. மீதி நான்கையும் அப்பா சாக்கில் போட்டுக் கொண்டுபோய்ச் சந்தைப்பேட்டையில் விட்டுவிட்டார். அன்று ராத்திரி முழுக்க செவலை கொல்லையை மோந்து மோந்து பார்த்துக்கொண்டு சுற்றியது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாட்டாஸ்பத்திரி டாக்டரிடம் கேட்டேன். நாய் சினைப்பட்டால் சுமார் 63 நாளில் குட்டி போடுமாம். பூனை இன்னும் மோசம், குட்டிக்குப் பால் கொடுக்கும்போதே மறுபடி சினையாகும்!

ஆபரேஷனில் பெட்டைக்கு அண்டகத்தையும் கருப்பையையும் எடுத்துவிடுவார்கள் (நம்ம அறிவியல் பாடத்தில் வருமே, அதேதான்). ஆண் நாய்க்கு விதையை எடுப்பார்கள். மயக்க ஊசி போடுவதால் அப்போது வலி தெரியாது. இதனால் குட்டி நிற்பது மட்டும் இல்லை. பெட்டைக்குக் கருப்பையில் சீழ் பிடித்து உயிரே போகிற நோய் ஒன்று உண்டு, அது வராது. முதல் பருவத்துக்கு முன்பே செய்தால் மடியில் கட்டி வருவதும் ரொம்பக் குறைவு. ஆண் நாய் ஊர் சுற்றுவது குறையும். உடம்பு மட்டும் கொஞ்சம் பெருக்கும், அதனால் சோற்றை அளவாக வைக்கணும்.

அப்பாயிதான் ஒத்துக்கொள்ளவில்லை. "வாயில்லா ஜீவன், அது வம்சத்தை அறுக்கலாமாடா? பாவம்!" என்றார்.

"சாக்குல கட்டிக் கொண்டுபோய் விட்டது மட்டும் புண்ணியமா அப்பாயி?" என்றேன். அப்பா பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

சென்னையில் ஒரு காலத்தில் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றார்கள். 1990-களில்தான் மாநகராட்சி, புளூ கிராஸ் அமைப்போடு சேர்ந்து கருத்தடை செய்ய ஆரம்பித்தது. 2001-ல் மத்திய அரசு இதற்கென்றே விதி கொண்டுவந்தது, 2023-ல் புது விதிகள் வந்தன. ஆபரேஷன் ஆன தெருநாய்க்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போட்டு, அடையாளத்துக்குக் காது நுனியில் கொஞ்சம் வெட்டி, பொதுவாகப் பிடித்த இடத்திலேயே விடுவார்கள். காது வெட்டுப்பட்ட நாயெல்லாம் சண்டையில் கடிபட்டது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்!

செவலைக்கு முந்தின ராத்திரியிலிருந்து சோறு கிடையாது. சாயந்திரமே வீட்டுக்கு வந்துவிட்டது. தையலை நக்காமல் இருக்க, பழைய பிளாஸ்டிக் பக்கெட்டின் அடியை வெட்டிக் கழுத்தில் மாட்டினோம். அதோடு வாசற்படியில் இடித்து இடித்து நடந்தது. பத்து நாளில் தையல் பிரித்தாச்சு.

காவல் குணம் போய்விடும் என்று பக்கத்து வீட்டு மாமா சொன்னார். பன்னிரண்டாம் நாள் அவர் சைக்கிளைத்தான் முதலில் துரத்தியது.

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு