பிறப்பை மறைத்த தாயரும் ஆங்கிலச் சட்டமும்

கொலைக் குற்றத்தைச் சாட்டுவோரே அதனை நிறுவுதல் வேண்டும் என்பது நீதியின் அடிப்படை. இங்கிலாந்தில் ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகள் இந்நீதி ஒரு சாராருக்கு மறுக்கப்பட்டிருந்தது. அன்னார் மணவுறவின்றி மகப்பெற்ற தாயராவர். 1624 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அத்தகையாள் ஒருத்தி தன் மகவின் இறப்பை மறைப்பாளாயின் அவள் கொலையாளியெனவே கொள்ளப்பட்டுத் தூக்கிலிடப்படுவாள். மகவு இறந்தே பிறந்ததென ஒரு சாட்சியேனும் கூறினாலன்றி அவளுக்கு உய்வில்லை. பிறர் அறியாது தனித்து ஈன்றவளுக்குச் சாட்சி எங்ஙனம் கிட்டும்? தந்தைமேல் அச்சட்டம் எக்குற்றமும் சுமத்தவில்லை.

குற்றஞ் சாட்டப்பட்டோருட் பெரும்பாலார் வீட்டுப் பணிப்பெண்கள். கருவுற்றமை வெளிப்படின் வேலையும் உறைவிடமும் ஒருங்கே போம். அன்றியும், ஊரார் வரிப்பணத்திற் பிள்ளை வளர்க்க நேரின் தாயை ஓராண்டு திருத்தச்சாலையில் அடைக்க 1610 ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. ஆகவே, மறைத்தற்குரிய காரணத்தைச் சட்டமே ஆக்கித் தந்து, மறைத்தமைக்குத் தூக்கும் விதித்தது எனல் மிகையன்று.

பதினெட்டாம் நூற்றாண்டில் யூரிமார் மனம் இளகினர். பிள்ளைக்கெனத் துணிகளை முன்னரே தைத்து வைத்திருந்தாள் எனக் காட்டினால், கொல்லுங் கருத்து அவளுக்கு இல்லையெனக் கொண்டு பலரை விடுவித்தனர். ஒரு சிறு சட்டைத் துணி ஓர் உயிரைக் காத்தது! மகவின் நுரையீரலை நீரிலிட்டு, மிதப்பின் அது மூச்சுவிட்டதெனத் துணியும் சோதனையும் வழக்கிலிருந்தது. மகப்பேற்று வைத்தியத்தில் வல்லுநரான வில்லியம் ஹன்ரர் இதனை ஐயுற்றார். அவர் எழுதிய கட்டுரை அவர் மறைந்த பின்னர் 1783 இல் வைத்தியர் சங்கத்தில் வாசிக்கப்பட்டது. அழுகலாலும் நுரையீரலிற் காற்றுச் சேரும். மூச்சுவிட்ட மகவும் எவரும் தீங்கிழையாமலே இறத்தல் கூடும் என்பன அவர் காட்டிய நியாயங்கள்.

ஜேர்மனியிலும் நிலை இதுவே. பிராங்போட் நகரில் விடுதிப் பணிப்பெண்ணான சுசன்னா பிரான்ட் 1772 இல் வாளால் தலை துணிக்கப்பட்டாள். அந்நகரிலேயே இளம் வழக்கறிஞராயிருந்த கேதே பின்னர்ப் படைத்த 'பௌஸ்ற்' நாடகத்து மார்கரீத்தாவில் அவள் சாயல் உண்டென்பர்.

1803 இல் இங்கிலாந்து பழைய சட்டத்தை நீக்கிற்று. கொலை நிறுவப்படாவிடத்து, பிறப்பை மறைத்தமைக்கு ஈராண்டு வரையே சிறை. 1922 ஆம் ஆண்டுச் சட்டமோ, பேற்றின் விளைவால் மனநிலை பிறழ்ந்த தாய் தன் பச்சிளங் குழந்தையைக் கொன்றாலும் அது கொலையாகாது, குறைந்த குற்றமே என வகுத்தது. 'பச்சிளங் குழந்தை' என்பதன் வயதெல்லை யாதென்பதில் வழக்கெழவே, 1938 இல் அது பன்னிரண்டு மாதமென வரையறுக்கப்பட்டது.