காலி சீட்டில் உட்கார்ந்திருப்பது யார்?

பக்கத்து சீட்டில் ஈ, காக்கை கூட இல்லை. ஆனாலும் "பெல்ட் போடு" என்று கார் விடாமல் கத்துகிறது. எங்கள் வீட்டுக் காரில் இரண்டு மாதமாக இதே பாட்டு. "ஏதாவது காத்து கருப்பு உட்கார்ந்திருக்குமோ?" என்று மாமியார் கேலி செய்தார்.

2019 ஜூலையிலிருந்து நம் நாட்டுக் கார்களில் முன் சீட் இரண்டுக்கும் இந்த எச்சரிக்கை மணி கட்டாயம். சீட் மெத்தைக்கு அடியில் மெல்லிய விரிப்பு மாதிரி ஒரு சென்சார் இருக்கிறது. ஆள் உட்கார்ந்தால் அது அழுந்தும். உடனே காருக்குத் தகவல் போகும். சில கார்களில் ஏர்பேக் விரிய வேண்டுமா என்று தீர்மானிப்பதற்கும் இந்தத் தகவல்தான்.

"பெல்ட்டுக்குப் பதிலா ஒரு கொக்கி விக்கிதுக்கா. மாட்டிட்டா சத்தமே வராது" என்றான் மெக்கானிக் பையன். நான் சம்மதிக்கவில்லை. ஜுரம் அடிக்கிறதென்று தெர்மாமீட்டரை உடைப்போமா? இந்தக் கொக்கிகளை விற்கக் கூடாதென்று 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய விற்பனை நிறுவனங்களுக்கு உத்தரவே போட்டிருக்கிறது.

சத்தம் எப்போது வருகிறது என்று கவனித்தேன். சீட்டில் காய்கறிப் பையோ, தண்ணீர்க் குடமோ இல்லை. சீட்டைப் பின்னுக்குத் தள்ளினால் மௌனம். முன்னுக்கு இழுத்தால் ஓலம்! இதை எலெக்ட்ரீஷியனிடம் சொன்னதும், "பாதி வேலை நீங்களே முடிச்சிட்டீங்கம்மா" என்றார்.

பாட்டரி இணைப்பைக் கழற்றி, சில நிமிடம் காத்திருந்துவிட்டு, விரிப்பின் பிளக்கைப் பிரித்து மீட்டர் வைத்தார். சும்மா இருக்கையில் தொடர்பில்லை. கையால் அழுத்தினால் தொடர்பு வந்தது. ஆக, விரிப்பு நன்றாகவே இருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால், சீட் நகரும் தண்டவாளத்தில் உரசி உரசி ஒரு ஒயரின் மேல் உறை தேய்ந்திருந்தது. அதைச் சரிசெய்து, உரசாதபடி ஒதுக்கிக் கட்டினார். புது விரிப்பு வாங்கும் செலவு மிச்சம்!

சகோதரிகளே, சில விஷயங்களை மனதில் வையுங்கள்:

* சீட்டுக்கு அடியில் குடை, செருப்பு, பாட்டில் திணிக்காதீர்கள். ஒயர் இழுபடும்.

* சீட்டில் தண்ணீரோ பாலோ கொட்டினால் உடனே ஒற்றி எடுத்துக் காய வையுங்கள்.

* மஞ்சள் நிற ஒயர், பிளக் என்றால் ஏர்பேக் சம்பந்தப்பட்டது. அதில் கை வைக்க வேண்டாம். மீட்டரும் வைக்கக் கூடாது. ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிந்தால் நேரே சர்வீஸ் நிலையத்துக்குப் போங்கள். ஸ்கேனர் போட்டுப் பார்ப்பார்கள்.

* பழுது இருந்தாலும் இல்லாவிட்டாலும், குழந்தைகளுக்குப் பின் சீட்தான். பின்னோக்கிய குழந்தை இருக்கையை ஏர்பேக் உள்ள முன் சீட்டில் ஒருபோதும் வைக்காதீர்கள். ஏர்பேக் விரியும் வேகத்தைப் பிஞ்சுக் கழுத்து தாங்காது.

சத்தத்தை அடக்குவது சுலபம். ஆனால் அந்தச் சத்தம் நம் வீட்டு உயிருக்காக அல்லவா கத்துகிறது?