ஓவனுக்கு முன்னும் பின்னும்: வீட்டில் சுடும் பழ க்ரம்பிள் பாரும் சட்டம் தரும் பாதுகாப்பும்

மைதா, ஓட்ஸ், நாட்டுச்சர்க்கரை, குளிர்ந்த வெண்ணெய் நான்கையும் விரல் நுனியால் பிசிறி உதிரியாக்கும்போது ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுப் பார்க்காதவர் குறைவு. பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கும் ஓர் உருண்டை போகும். பழ க்ரம்பிள் பார் சுடும் வீடுகளில் இது சகஜம். முட்டை சேராத பண்டம்தானே, பச்சையாகத் தின்றால் என்ன வந்துவிடும் என்ற எண்ணம்தான் காரணம்.

வம்பு மாவிலேயே இருக்கிறது. கோதுமை திறந்த வயலில் விளைகிறது. கால்நடை, பறவைகளின் எச்சம் அதில் படலாம். ஆலையில் அரைப்பதால் கிருமி சாவதில்லை. உலர்ந்த மாவில் அது பெருகாவிட்டாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். 2016-ல் அமெரிக்காவில் ஈ.கோலை கிருமி கலந்த மாவால் 24 மாநிலங்களில் 63 பேர் நோயுற்றார்கள். ஜெனரல் மில்ஸ் நிறுவனம் கடைகளுக்குப் போயிருந்த மாவுப் பொட்டலங்களைப் பெருமளவில் திரும்பப் பெற்றது. விசாரித்தபோது, நோயுற்றவர்களில் பலர் பச்சை மாவுக் கலவையைச் சுவைத்திருந்தது தெரிந்தது. சில குழந்தைகள் உணவகத்தில் விளையாடக் கொடுத்த மாவு உருண்டையைக் கையில் வைத்துப் பிசைந்தவர்கள். இந்த வகை ஈ.கோலை சிறு பிள்ளைகளின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. ஆகவே க்ரம்பிளைச் சுடுவதற்கு முன் யாரும் ருசி பார்க்க வேண்டாம். மாவு தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே வெந்த பண்டத்தைத் தொட வேண்டும்.

ஓவன் தன் வேலையைச் சரியாகச் செய்துவிடும். 180 டிகிரி செல்சியஸில், நடுவிலுள்ள பழமும் கொப்பளிக்கும் வரை வைத்திருந்தால் போதும். ஓரம் மட்டும் கொதித்து நடுப்பகுதி அசையாமல் கிடந்தால் இன்னும் வேகவில்லை என்று பொருள். பழத்தோடு கலந்த சோளமாவும் அங்கே இறுகியிருக்காது.

சிக்கல் மறுபடி தொடங்குவது தட்டை வெளியே எடுத்த பிறகு. பிஸ்கட்டைப் போல க்ரம்பிள் பார் உலர்ந்த பண்டமல்ல. இரண்டு மாவு அடுக்குக்கு நடுவே ஈரப் பழம் இருக்கிறது. சூடு ஆறுமுன் டப்பாவில் அடைத்தால் மூடியின் உட்புறம் நீர் முத்து முத்தாகக் கோத்துச் சொட்டும். சென்னை வெயிலில் அந்த ஈரம் பூஞ்சைக்குப் போதும். ஈரமான பண்டத்தில் பூஞ்சை தெரிந்த இடத்தை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மீதியைத் தின்பது தவறு. கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே அது வேர்விட்டிருக்கும்.

எந்தப் பழம் என்பதும் முக்கியம். அன்னாசி, பச்சை ஆப்பிள், ஸ்ட்ராபெரி ஆகியவற்றின் புளிப்பே ஓரளவு காவல். பப்பாளி, வாழை, நன்கு கனிந்த மாம்பழம் ஆகியவற்றில் அந்தப் புளிப்பு குறைவு என்பதால் எலுமிச்சைச் சாறு சேர்ப்பது நல்லது; செய்த அன்றோ மறுநாளோ தீர்த்துவிட வேண்டும், மீந்ததைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். கலிஃபோர்னியா மாநிலம் 2013 முதல் வீட்டுச் சமையலறையில் செய்த பண்டங்களை விற்க அனுமதித்தபோதுகூட, பேக்கரி பண்டங்களில் க்ரீம், கஸ்டர்ட், இறைச்சி அடைத்தவற்றை விலக்கி வைத்தது. மேலே க்ரீம் சீஸ் பூசிய பாரை அலமாரியில் வைத்து விற்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

மாம்பழப் பருவத்தில் கார்பைடு கல் பயமும் சேர்ந்துகொள்கிறது. கால்சியம் கார்பைடு வைத்துப் பழுக்கவைத்த பழத்தை விற்பது இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலந்திருக்கலாம். எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் வரை பயன்படுத்த அனுமதி உண்டு. வெண்ணெய்க்குப் பதில் மலிவான மார்கரின் போடுபவர்களுக்கும் ஒரு சேதி: எண்ணெய், கொழுப்பு வகைகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு 2022 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. பொட்டலத்தின் பின்புறம் அந்த அளவு அச்சாகியிருக்கும், படித்துவிட்டு வாங்கலாம்.

பக்கத்து வீட்டுக்குத் தட்டில் வைத்துக் கொடுக்கும்வரை இவ்வளவு போதும். வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்துக் காசு வாங்கத் தொடங்கினால் அது உணவுத் தொழில். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், லாபத்துக்காகச் செய்தாலும் இல்லாவிட்டாலும் அதை உணவுத் தொழில் என்றே கணக்கில் கொள்கிறது. "வீட்டில்தானே செய்கிறேன், எனக்கு எதுக்கு லைசென்ஸ்?" என்று கேட்கும் பெண்கள் பலர். சிறு தொழிலுக்குப் பதிவு மட்டும் போதும். 2011-இல் வந்த விதிமுறைகள் ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இந்தப் பதிவையும், ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணத்தையும் வகுத்தன. விண்ணப்பிக்கும் நாளில் நடப்பிலுள்ள வரம்பையும் கட்டணத்தையும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது, விண்ணப்பமும் அங்கேதான்.

இந்த விதிமுறைகளில் வீட்டுத் தொழில் செய்பவர்கள் பலருக்கும் தெரியாத ஓர் உரிமை இருந்தது. விண்ணப்பம் வந்த 7 நாளுக்குள் அதிகாரி பதிவு கொடுக்க வேண்டும், அல்லது காரணத்தை எழுதி மறுக்க வேண்டும், அல்லது சமையலறையைப் பார்க்க வருவதாக நோட்டீஸ் தர வேண்டும். பார்வையிட உத்தரவிட்டால் 30 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். எந்தப் பதிலும் வரவில்லையென்றால் தொழிலைத் தொடங்கிவிடலாம் என்று 2011 விதியே சொன்னது. காத்துக் கிடக்கவோ, இடைத்தரகரிடம் ஆயிரக்கணக்கில் கொடுக்கவோ தேவை இருக்கவில்லை.

பதிவு கிடைத்ததும் 14 இலக்க எண் வரும். தொடக்க இலக்கம் 2 என்றால் பதிவு, 1 என்றால் உரிமம். அடுத்த இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 24. வாங்குபவர் இதைப் பார்த்தே பாதி விஷயத்தைத் தெரிந்துகொள்ளலாம்.

டப்பாவின் மேல் ஒட்டும் சீட்டைப் பலர் அலங்காரமாகவே நினைக்கிறார்கள். ஓர் உயிர் பிழைப்பது அந்தச் சீட்டால் இருக்கலாம். க்ரம்பிள் பாரில் மைதாவும், வெண்ணெயின் வழியே பாலும் பெரும்பாலும் உண்டு. கூடவே முந்திரி, பாதாம், வேர்க்கடலை எது சேர்ந்தாலும் எழுதியாக வேண்டும். பசைப்புரதம் உள்ள தானியம், பால், முட்டை, வேர்க்கடலை, முந்திரி, பாதாம் போன்ற மரக்கொட்டைகள், சோயா ஆகியவற்றை ஒவ்வாமைப் பொருள்களாக 2020 லேபிள் விதிமுறைகள் குறிப்பிடுகின்றன. பிஸ்தா ஒவ்வாதவருக்கு முந்திரியும் பெரும்பாலும் ஒவ்வாது. இரண்டும் ஒரே குடும்பம். ஒரே மிக்ஸியில் முந்திரி அரைத்துவிட்டு அடுத்துக் கொட்டை சேராத பாருக்கு ஓட்ஸ் அரைத்தால், அதையும் சீட்டில் சொல்வதுதான் நியாயம். பாரில் முட்டை சேர்த்திருந்தால் பச்சைப் புள்ளி போடக் கூடாது. பழுப்பு நிற முக்கோணம் போட வேண்டும். சாப்பிட்ட சற்று நேரத்தில் உதடு வீங்கி, மூச்சுத் திணறினால் வீட்டு வைத்தியத்தில் நேரத்தைக் கடத்தாமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

கட்டிக் கொடுக்கும் தாளிலும் கவனம் வேண்டும். செய்தித்தாளின் மை நேரடியாக உணவில் படக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. வெண்ணெய் கசியும் பண்டத்துக்கு உணவுத் தரமுள்ள பட்டர் பேப்பரே சரி.

புகாரின் பேரில் உணவுப் பாதுகாப்பு அலுவலர் வாசலுக்கு வந்தால் பதறிப்போகிறவர்கள் அதிகம். சட்டம் விற்பவரையும் காக்கிறது. மாதிரி எடுத்தால் வழக்கமான விற்பனை விலையை அவர் கொடுத்தாக வேண்டும். மாதிரியை நான்கு பாகமாகப் பிரித்து முத்திரையிட வேண்டும். நான்காவது பாகத்தை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பும்படி விற்பவர் கேட்கலாம். பகுப்பாய்வாளர் அறிக்கை பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். சுத்தம் போதாது என்றால் பொதுவாக எடுத்த எடுப்பில் கடையை மூட முடியாது. திருத்திக்கொள்ள முதலில் மேம்பாட்டு நோட்டீஸ் தர வேண்டும். காரணமின்றிப் பழிவாங்கும் அலுவலருக்கே அபராதம் விதிக்கவும் அதே சட்டத்தில் இடமுண்டு.

வாங்கித் தின்று பாதிக்கப்பட்டவர் முதலில் செய்ய வேண்டியது, மீந்த துண்டைத் தூக்கி எறியாமல் டப்பாவோடு குளிர்பதனப் பெட்டியில் வைப்பது. பணம் அனுப்பிய ரசீது, ஆர்டர் செய்த வாட்ஸ்அப் செய்தி, மருத்துவர் சீட்டு மூன்றையும் படமெடுத்து வைக்க வேண்டும். தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. உணவால் உடல் பாதிக்கப்பட்டது நிரூபணமானால் 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 65-ஆம் பிரிவின்படி இழப்பீடு உண்டு: சாதாரணப் பாதிப்புக்கு 1 லட்சம் ரூபாய் வரை, கடும் பாதிப்புக்கு 3 லட்சம் வரை, உயிரிழப்புக்குக் குறைந்தது 5 லட்சம்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், தான் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். விற்றவர் வேறு ஊரில் இருந்தாலும் தடையில்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை. வாங்கிய பொருளின் மதிப்பு 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் கிடையாது. பாதிப்பு நேர்ந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு ஆணையத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.