முகத்தில் விழும் ஒளி

ஊரை விட்டு வந்த நம் போன்ற குடும்பங்களுக்குப் புகைப்படம் ஆடம்பரப் பொருளன்று. கரக்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளரும் பேரக் குழந்தையை மாயவரத்துப் பாட்டி கண்டு மகிழ்வது அதன் மூலமாகத்தான். முன்பெல்லாம் 36 படங்கள் கொண்ட சுருளை வாங்கி, எண்ணி எண்ணி எடுத்தோம். இன்று ஒவ்வொரு சட்டைப் பையிலும் ஒரு காமிரா இருக்கிறது. ஆயிரக்கணக்கில் எடுக்கிறோம், ஆயினும் முகம் தெளிவாக விழுந்த படம் பத்தாவது தேறுமா என்பது சந்தேகமே.

நான் இக்கலையில் நிபுணன் அல்லன். ரயில்வேயில் ஒரு குமாஸ்தா. ஒரு தவற்றினால் கற்றுக்கொண்டதையே இங்கே எழுதுகிறேன். 2022-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தபோது, திண்ணையில் அமர்ந்திருந்த என் தாயாரை வீட்டுக்குள் நின்றபடியே படம் எடுத்தேன். அவருக்குப் பின்னால் தெருவில் சித்திரை வெயில் கொளுத்திக் கொண்டிருந்தது. கைப்பேசி அந்த வெயிலுக்கு ஏற்பத் தன்னைச் சரிப்படுத்திக் கொண்டது. அம்மாவின் முகம் கரிய நிழலாயிற்று. திருத்திக் கொள்ளலாம் என்று வெளிச்சத்தைக் கூட்டினேன். முகம் சாம்பல் பூத்துப் புள்ளி புள்ளியாயிற்று. அதையே மூலப் படத்தின் மேல் சேமித்தும் விட்டேன். அவ்வாண்டு ஐப்பசியில் அம்மா காலமானார். சட்டமிட்டு மாட்ட வேறு நல்ல படம் இல்லை. உறவினர் கல்யாணக் குழுப் படத்தில் மூன்றாவது வரிசையில் நின்ற முகத்தை வெட்டிப் பெரிதாக்கினோம்.

நான் செய்திருக்க வேண்டியது மிகச் சிறிது. தெருப்பக்கம் இறங்கி நின்று, அம்மாவை என் பக்கம் திரும்பச் சொல்லியிருந்தால் போதும். நேர் வெயில் படாத, ஆனால் திறந்த வெளியின் ஒளி முகத்தில் வந்து விழுகிற திண்ணை நிழலைக் காட்டிலும் நல்ல இடம் எந்த ஸ்டூடியோவிலும் கிடையாது. திண்ணை இல்லாத குவார்ட்டர்ஸில் ஜன்னலோரம் உண்டு. எடுப்பவர் ஜன்னலுக்கு முதுகு காட்டலாம், அல்லது ஒளி பக்கவாட்டில் விழும்படி நிற்கலாம். ஜன்னலை எதிர்நோக்கி நிற்கலாகாது. பல கைப்பேசிகளில் திரையில் தெரியும் முகத்தின் மேல் விரலால் தொட்டால், அந்த முகத்துக்கு ஏற்றபடி கருவி வெளிச்சத்தை அமைத்துக் கொள்ளும்.

பொங்கல் விழாக் குழுப் படத்தை உச்சி வெயிலில் எடுக்கும் வழக்கத்தை நம் சங்கத்தார் கைவிட வேண்டும். புருவத்தின் நிழல் கண்ணை மறைக்கிறது. குழந்தைகள் கண்களை இடுக்குகின்றன. மாலையில் எடுப்பதாயின் நம் ஊர்க் கணக்கு உதவாது. தை மாதத்தில் வங்காளத்தில் ஐந்தரை மணி ஆகுமுன் சூரியன் மறைந்து விடுகிறது. நான்கு மணிக்கே அனைவரையும் நிறுத்தி விடுவது நலம்.

சமையலறைக் கையால் தொட்ட கண்ணாடியை மெல்லிய துணியால் துடையுங்கள். விரலால் இழுத்துப் பெரிதாக்குவதை விட இரண்டடி முன்னே செல்லுங்கள். குழந்தையை எடுக்கும்போது தரையில் அமர்ந்து எடுங்கள். தண்டவாளத்தில் நின்று மட்டும் எடுக்காதீர்கள். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவின்படி அத்துமீறி நுழைவது குற்றம் என்பது இருக்கட்டும், வண்டி வருவது படம் எடுப்பவருக்குத் தெரிவதேயில்லை.

திருத்துவதில் அடக்கம் வேண்டும். இருண்ட பகுதியை ஓரளவு மீட்கலாம். வெளுத்துப் போன பகுதியில் மீட்க ஒன்றும் மிஞ்சியிராது. ஆகவே சற்று இருட்டாக எடுப்பதே மேல். கோணலை நிமிர்த்துங்கள், வேண்டாத ஓரத்தை வெட்டுங்கள், வெளிச்சத்தைச் சிறிது கூட்டுங்கள். முகத்தை வெளுப்பாக்கும் பொத்தானை நான் வெறுக்கிறேன். வரன் பார்க்க அனுப்பும் படங்களில் நம் பெண்களின் நிறத்தையே அழித்து விடுகிறார்கள்! எதைச் செய்தாலும் நகல் ஒன்றில் செய்யுங்கள். வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும். டாக்குமெண்டாக அனுப்பினால் சுருங்காது. நல்ல படங்களை அச்சிட்டு, பின்புறம் பென்சிலால் பெயரும் தேதியும் எழுதி வையுங்கள்.

சென்ற மாதம் அப்பா இங்கே வந்திருந்தார். காலையில் ஜன்னலோரம் நாற்காலி போட்டு அமர்த்தி ஆறு படங்கள் எடுத்தேன்.

“எதுக்குப்பா இத்தனை?” என்றார்.

பதில் சொல்லாமல் ஏழாவதையும் எடுத்தேன்.