மரத்த பாதமும் ஊசி வைத்தியமும்

புற்றுநோய் என்றால் மரணமே என்றிருந்த காலம் மாறி, இன்று பலர் அந்நோயினின்று மீண்டு தத்தம் தொழிலுக்குத் திரும்புகின்றனர். 1954-ஆம் ஆண்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் பெருமுயற்சியால் அடையாற்றில் தோன்றிய புற்றுநோய் மருத்துவ நிலையத்தின் தொண்டினை நம் நாட்டில் அறியாதார் சிலரே. ஆயினும், நோய் நீங்கிய பின்னரும் மருந்தின் வடுவாக நரம்புச் சேதம் என்னும் ஒரு துன்பம் எஞ்சுவதுண்டு. அதற்கு அக்குபங்சர் என்னும் ஊசி வைத்தியம் துணை செய்யுமோ என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

நம் இல்லத் தோட்டங்களிற் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியினின்று எடுக்கப்படுவது வின்கிரிஸ்டின் என்னும் மருந்து. யூ என்னும் மரத்தின் பட்டையினின்று முதலிற் பெறப்பட்டது பாக்ளிடாக்செல். புற்றணுக்கள் பிளவுபட்டுப் பெருகுவதற்கு அவற்றினுள்ளே மிக நுண்ணிய குழல்கள் வேண்டும். இம்மருந்துகள் அக்குழல்களைச் செயலறச் செய்து நோயை அடக்குகின்றன. ஆனால் அத்தகைய குழல்களே நரம்பிழையினுள் இருப்புப்பாதைபோல் அமைந்து, முதுகெலும்பின் அருகிலுள்ள நரம்பணுவினின்று கால்விரல் வரையில் வேண்டும் பொருள்களைக் கொண்டு செல்கின்றன. பாதை பழுதுற்றால் முதலில் வாடுவது கடைக்கோடி நிலையம் அன்றோ? ஆதலின் மிக நீண்ட நரம்புகள் சென்று முடியும் பாதங்களே பெரும்பாலும் முதலில் மரத்தும் எரிந்தும் நோகின்றன. பின்னர்க் கைவிரல்களும் அவ்வாறாகின்றன. சிஸ்பிளாட்டின், ஆக்சாலிபிளாட்டின் என்பவை நரம்பணுவையே தாக்குவன. அவற்றை நிறுத்திய பின்னும் சில மாதம் இத்துன்பம் வளர்தல் கூடும்.

எழுதுகோலைப் பிடிப்பவர்க்கே இது தொல்லையாயின், திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் உருக்காலையிலும் இயந்திரத்தின் அருகிலும் நிற்பவர் நிலை என்னாம்? சூட்டை உணராத பாதம் வெந்து போவதை அறியாது. உணர்விழந்த விரல் கருவியை நழுவ விடும். பிழைத்து வந்தவர் பிழைப்பை இழத்தலாகாது.

ஊசி வைத்தியம் சீன தேசத்தில் தொன்றுதொட்டு வழங்குவது. 1938-இல் சீனத்துக்குச் சென்ற இந்திய மருத்துவக் குழுவில் ஒருவரான டாக்டர் பி. கே. பாசு, பிற்காலத்தில் இதனை அங்கே பயின்று, 1959-இல் கல்கத்தாவில் தொடங்கினார். 2019-இல் இந்திய அரசினர் இதனைத் தனியொரு சிகிச்சை முறையாக ஏற்றனர். மயிரிழை போன்ற ஊசிகளைக் குறித்த இடங்களிற் செருகுங்கால், நரம்புகள் தூண்டப்பெற்று, வலியைத் தணிக்கும் பொருள்கள் உடலிலேயே சுரக்கின்றன என்பர்.

ஹாங்காங்கில் 87 நோயாளரைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சி 2019-இலும், நியூயார்க்கில் 75 பேரைக் கொண்டு நடத்தியது 2020-இலும் வெளிவந்தன. எட்டு வாரம் ஊசி பெற்றவர்க்கு, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவரினும் வலி குறைந்தது. எனினும் சோதிக்கப்பட்டோர் தொகை சிறிது. போலி ஊசியினும் மெய்யூசி எவ்வளவு மேலானது என்பது இன்னும் துணியப்படவில்லை. 2020-இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கத்தார் இவ்வலிக்கு டுலாக்செடின் என்னும் ஒரு மருந்தையே பரிந்துரைத்தனர். ஊசி வைத்தியத்தைப் பரிந்துரைக்கச் சான்று போதாது என்றனர்.

ஆகவே இதனைத் துணையாகக் கொள்ளலாமேயன்றி முதல் மருத்துவமாகக் கொள்ளலாகாது. வலி தணிதல் வேறு, செத்த உணர்வு மீளுதல் வேறு. இரத்தத்தில் வெள்ளணுக்களோ தட்டணுக்களோ குறைந்திருக்கும்போது ஊசி தீங்கு பயக்கும். புற்றுநோய் வைத்தியரின் இசைவு பெற்றே, பயின்றவரிடம், புதிய ஊசிகொண்டு செய்துகொள்ளல் வேண்டும்.

யாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. சிகிச்சை நடக்கும்போதே விரல் மரத்தால், உடனே வைத்தியரிடம் உரைத்திடுக. மருந்தைக் குறைத்தோ மாற்றியோ அவர் நரம்பைக் காத்தல் கூடும். நோய்க்கஞ்சி வாய் திறவாதிருப்பாரும், வலிக்கஞ்சிச் சிகிச்சையையே கைவிடுவாரும் இழப்பது பெரிது. உணர்வு மீளும் வரை நாள்தோறும் பாதத்தைக் கண்ணால் நோக்குக, வெறுங்காலோடு நடவாதொழிக. மரத்த காலுக்குக் கண்ணே காவல்.