வாயில்லாச் சீவன்களின் வைத்தியர்

க. பொ. த. உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாகும் நாளில், உயிரியற் பிரிவிற் கற்ற பிள்ளையின் வீட்டிலே எழும் முதல் வினா ஒன்றேயாகும்: “டாக்குத்தர் படிப்புக் கிடைக்குமா?” வெட்டுப்புள்ளிக்குச் சிறிது குறைந்துவிட்டாற் போதும்; வீடு துக்க வீடாகிவிடுகின்றது. அதன் பின்னரே விண்ணப்பப் பத்திரத்தில் மிருக வைத்தியம் என்றொரு துறை இருப்பது கண்ணிற் படுகின்றது. “மாட்டு டாக்குத்தரா?” என முகஞ் சுளிப்போரும் உளர். பல்லாண்டுகளாக மாணவரோடு பழகிவரும் நாம், இம்முகச் சுளிப்பினால் நல்ல பிள்ளைகள் சிலர் தமக்கேற்ற வழியைத் தவறவிடக் கண்டிருக்கின்றோம். ஆதலின் இத்தொழிலின் நிலையை உள்ளவாறு எடுத்துரைத்தல் பயனுடைத்தெனக் கருதுகின்றோம்.

‘மாடு’ என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றும் பொருள் கண்டவர் எம் முன்னோர். மாட்டு வாகடங்களை ஏட்டில் எழுதி வைத்தவரும், பொங்கலுக்கு மறுநாளை மாட்டுக்கெனவே ஒதுக்கியவரும் அவரே. அம்மரபில் வந்த நாம் மாட்டைக் காக்கும் தொழிலை இளக்காரமாக எண்ணுவது விந்தையன்றோ?

கற்கும் இடம்

இலங்கையில் இப்பட்டப் படிப்பை அளிப்பது பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய, விலங்கு விஞ்ஞான பீடம் ஒன்றே. 1980 இல் அது தனிப் பீடமாயிற்று. படிப்பு ஐந்தாண்டு, மொழிமூலம் ஆங்கிலம். உடற்கூற்றியல், மருந்தியல், நோயியல், சத்திர சிகிச்சை ஆகியன மனித வைத்தியத்திற் போலவே இங்கும் உள. ஆயின் மனித வைத்தியர் ஓருடலை அறிந்தாற் போதும். இவரோ மாடு, ஆடு, நாய், கோழி, யானை எனப் பல உடல்களை அறிதல் வேண்டும். பட்டம் பெற்ற பின்னரும் மிருக வைத்திய சபையிற் பதிவு செய்துகொண்டே தொழில் புரியலாம். இதற்கான சட்டம் 1956 இல் இயற்றப்பட்டது.

வேலை தேடும் காலம்

பட்டதாரிகள் பெரிதும் நாடுவது அரசாங்க சேவையையே. மத்திய அரசின் கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களமும் மாகாணத் திணைக்களங்களும் வைத்தியர்களை நியமிக்கின்றன. வெற்றிடம் ஏற்பட்டு, விண்ணப்பம் கோரப்பட்டு, நியமனக் கடிதம் கைக்கு வரும்வரை காத்திருக்க நேரிடலாம். அக்காலத்தை வீட்டு விறாந்தையிற் கழித்தல் ஆகாது. கோழிப் பண்ணைகள், தீவனக் கம்பனிகள், மருந்துக் கம்பனிகள், நகரங்களிலுள்ள நாய் பூனை வைத்தியசாலைகள் ஆகியவற்றிலும் வேலையுண்டு. அனுபவம் முதிர்ந்த ஒருவரின் கீழ் ஓரிரு ஆண்டு பணிசெய்து கையைப் பழக்கிய பின்னர்ச் சொந்தமாக வைத்தியசாலை திறப்பதே விவேகம்.

காலப்போக்கிற் கிளை வழிகள் பல திறக்கின்றன. ஆராய்ச்சியில் நாட்டமுடையோர்க்குக் கன்னொறுவையிலுள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையம் உண்டு. வனவிலங்கிற் பற்றுடையோர்க்குத் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையும், தாயை இழந்த யானைக் கன்றுகளைப் பேணி மீண்டும் காட்டுக்கு அனுப்பவென 1995 இல் உடவளவையில் அமைக்கப்பட்ட நிலையமும் உண்டு. பிரித்தானியா, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளிலே தொழில் புரிய விரும்புவோர் அந்நாட்டுப் பரீட்சைகளிலே தேறுதல் வேண்டும். பேராதனைப் பட்டம் மட்டும் போதாது.

கைத்திறனும் பொறுப்பும்

நன்கு பால் கறக்கும் பசுவொன்று கன்று ஈன்ற மறுநாள் எழ மாட்டாது படுத்துவிடுகின்றது, கழுத்தை விலாப்பக்கம் மடித்து வைத்துக்கொள்கின்றது, காதுகள் குளிர்ந்திருக்கின்றன. இதனைப் பாற்சுரம் என்பர். பெயரிற் சுரம் இருப்பினும் உடலிற் சுரம் இராது. பாலோடு கல்சியம் பெருமளவு வெளியேறி, இரத்தத்தில் அது குறைந்துபோவதே காரணம். வைத்தியர் கல்சியத்தை நாளத்தின் வழியே மெதுவாகச் செலுத்துகின்றார். விரைந்து செலுத்தினால் இதயமே நின்றுவிடும். ஆதலால் ஒரு கண் போத்தலிலும், செவி இதயத் துடிப்பிலும் இருத்தல் வேண்டும். பெரும்பாலும் சில மணி நேரத்திற்குள்ளேயே பசு எழுந்து நிற்கும். அந்த ஒரு பசுவின் பாலை நம்பியே அடுப்பெரியும் குடும்பத்துக்கு இது எத்தகைய உதவி!

நோயாளி வாய் திறந்து சொல்லாத தொழில் இது. நோயின் கதையைச் சொல்பவர் மாட்டுக்காரரே. அவருடைய பேச்சைப் பொறுமையோடு கேட்டு, அவர் மொழியிலேயே மறுமொழி கூற வல்லவர் வேண்டும். எமது வடக்கு, கிழக்குக் கிராமங்களுக்குத் தமிழறிந்த வைத்தியர் தேவைப்படுவது இதனாலேயே. மாட்டம்மை என்னும் கொடிய கொள்ளைநோய் உலகினின்றும் ஒழிந்ததென 2011 இல் அறிவிக்கப்பட்டது இத்தொழிலின் பெருமை. எனினும் 2020 இல் தோலிற் கட்டிகளை எழுப்பும் புதிய நோயொன்று எம் நாட்டு மாடுகளைத் தாக்கியது. விசர் நாய்க்கடி நோயைத் தடுக்க நாய்களுக்கு ஊசி ஏற்றுதலும் மனித உயிரைக் காக்கும் பணியேயாம்.

இடர்களையும் மறைத்தல் தகாது. நள்ளிரவிலும் அழைப்பு வரும், மழையிலும் சேற்றிலும் நிற்க நேரிடும், மாடு உதைக்கும், மிருகத்தின் நோய் வைத்தியரையும் தொற்றலாம். மனித வைத்தியர் ஈட்டும் பொருளை எல்லோரும் ஈட்டுவர் எனவும் கூறோம்.

ஆதலின் பெற்றோர்க்கும் மாணவர்க்கும் நாம் கூறுவது இதுவே. கிடைக்காத ஒன்றுக்கு ஈடாக இத்துறையை ஏற்க வேண்டாம். விடுமுறையிலே அண்மையிலுள்ள அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்துக்குச் சென்று, அனுமதி பெற்றுச் சில நாட்கள் உடனிருந்து பாருங்கள். சாணத்தின் மணமும் இரத்தமும் உங்களை விரட்டாவிடின், நோயுற்ற உயிரைக் கண்டு உங்கள் கை தானாக நீளுமாயின், விண்ணப்பப் பத்திரத்தில் மிருக வைத்தியத்தைத் தயங்காது எழுதுங்கள்.